விண்டோஸ், உபுண்டு, மேக் மூன்றும் ஒரே ஆபீஸில்: ஃபோல்டர் ஷேரிங் கோளாறுகள் – கேள்வி பதில்

தோட்டப்பாளையத்தில் ஒரு டி.டி.பி. சென்டர், காட்பாடியில் ஒரு கல்யாண ஸ்டுடியோ, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ். எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: பில் போடுவது விண்டோஸில், டிசைன் வேலை மேக்கில், மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு லினக்ஸும், அதன் ஃபோல்டரை விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஷேர் செய்யும் சாம்பா மென்பொருளும் போட்டு அதற்கு 'சர்வர்' என்று பெயர். கீழே வரும் உதாரணங்களில் உபுண்டு சர்வரின் முகவரி 192.168.1.10, விண்டோஸ் 192.168.1.21, மேக் 192.168.1.31. ஷேர் செய்திருக்கும் ஃபோல்டரின் பெயர் டேட்டா.

'நெட்வொர்க்' ஐகானைத் திறந்தால் சர்வர் தெரியவே இல்லை. ஷேரிங் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பட்டியலில் தெரியாதது வேறு, இணைப்பே கிடைக்காதது வேறு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்று அடித்து என்டர் தட்டுங்கள். திறந்தால் ஷேரிங் நன்றாகவே இருக்கிறது. பெயரைக் காட்டும் வேலைதான் நடக்கவில்லை.

நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். பழைய விண்டோஸ் இந்தப் பட்டியலை அதன் முதல் பதிப்பான எஸ்.எம்.பி. 1ஐச் சார்ந்த முறையில் தயாரித்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி. 1 படிப்படியாக எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது பட்டியல் டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற முறையில் வருகிறது. சாம்பாவுக்குத் தானாக அது தெரியாது. உபுண்டு 22.04 முதல் டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சிறு பேக்கேஜை நிறுவி, ஃபயர்வாலில் யு.டி.பி. 3702, டி.சி.பி. 5357 என்ற போர்ட்டுகளை (நெட்வொர்க் வாசல்களை) திறந்துவிட்டால் சர்வர் பட்டியலில் வந்து நிற்கும். எங்கள் யோசனை, அதற்காக மெனக்கெட வேண்டாம். \\192.168.1.10\டேட்டா என்பதை 'இசட்' டிரைவாக மேப் செய்துவிடுங்கள். தினமும் பட்டியலில் தேடும் வேலையே இருக்காது.

ஐ.பி. முகவரி போட்டாலும் திறக்கவில்லை. 80070035 என்று முடியும் பிழை வருகிறது.

வழியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டுக்கும் பெர்மிஷனுக்கும் இதில் பெரும்பாலும் வேலை இல்லை, முதலிலேயே அவற்றைத் தொடாதீர்கள். 'எவ்ரிஒன்', 'ஃபுல் கண்ட்ரோல்' என்று கொடுத்துவிட்டு, ஃபயர்வாலையும் மொத்தமாக அணைத்துவிட்டு, அதன் பிறகும் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்கள் நிறைய.

முதலில் இரண்டு கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியையும் பாருங்கள். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 169.254 என்று தொடங்கினால் அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள்.

அடுத்து பிங், அதாவது எதிர்ப்பக்கக் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை. பதில் வந்தால் நல்லது, வராவிட்டால் முடிவு கட்டிவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட்டு ஷேரிங்கை அனுமதிப்பதும் உண்டு. நம்பகமான சோதனை, ஷேரிங் நடக்கும் வாசலான 445ஆம் போர்ட்தான். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு முகவரியையும் 445 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் 'ட்ரூ' அல்லது 'ஃபால்ஸ்' என்று வரும். 'ட்ரூ' வந்தால் கோளாறு பாஸ்வேர்டு பக்கம். 'ஃபால்ஸ்' வந்தால் நடுவில் ஏதோ மறிக்கிறது.

மறிப்பது பெரும்பாலும் நெட்வொர்க் ப்ரொஃபைல். ரவுட்டரை மாற்றிய மறுநாளே "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று வருகிறவர்களுக்கு இதுதான் காரணம். புது ரவுட்டரை விண்டோஸ் புது இடமாக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று குறித்துவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட் அல்லது வைஃபையைத் தட்டி, 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. ஃபயர்வால் வழக்கமாக அணைந்தே இருக்கும். யாராவது ஆன் செய்திருந்தால் அதில் சாம்பாவுக்கு அனுமதி கொடுங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்ட்டிவைரஸுக்குச் சொந்த ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் திறக்கிறது, வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் திறக்கவில்லை.

கடையில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா? ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று, மாடிக்கு சிக்னல் வரவில்லையென்று நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொன்று. இரண்டாவதன் 'வேன்' (இன்டர்நெட்) துளையில் கேபிளைச் செருகியிருந்தால் அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். கீழே 192.168.1, மேலே 192.168.0 என்று ஓடும். மேலே இருப்பவர் கீழே உள்ள சர்வரை ஐ.பி. போட்டு எட்டிவிடலாம், பட்டியலில் பார்க்க முடியாது. கீழிருந்து மேலே போகவே வழியில்லை.

சரிசெய்ய: இரண்டாவது ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அதன் டி.எச்.சி.பி.யை (மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணையுங்கள், கேபிளை 'வேன்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளையில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கி ஆபீஸ் முழுக்கக் குழம்பும்.

ஒரே ரவுட்டர்தான் என்றால், லேப்டாப் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் 'ஏ.பி. ஐசொலேஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே வைஃபையில் வருபவர்களை மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து பிரித்து வைப்பதற்கானவை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களில் அவை ஆனில் இருப்பதுதான் சரி. ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்கு வேறு வைஃபை பெயர் கொடுங்கள்.

சரியான பாஸ்வேர்டு போட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

எந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ஃபோல்டர் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அதில் உள்ள யூசர் பெயரும் பாஸ்வேர்டும்தான் வேண்டும்.

ஃபோல்டர் விண்டோஸில் இருந்தால்: தினமும் திறக்க அடிக்கும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. ஷேரிங்குக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அவருக்குப் பாஸ்வேர்டு வைத்துவிடுவதே சுலபம்.

ஃபோல்டர் உபுண்டுவில் இருந்தால்: உபுண்டுவுக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. எஸ்.எம்.பி. பாஸ்வேர்டு கட்டளையை 'ஏ' என்ற சுவிட்சோடு ஓட்டி ஒவ்வொரு யூசரையும் சாம்பாவில் தனியாகச் சேர்க்க வேண்டும். பின்னாளில் உபுண்டு பாஸ்வேர்டை மாற்றினாலும் சாம்பா பாஸ்வேர்டு மாறும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தும் நுழையவில்லையென்றால், யூசர் பெயருக்கு முன்னால் சர்வர் முகவரியையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டர் பெயரை ஒட்டி அனுப்பிவிடும்.

1219 என்ற பிழை எண் என்ன?

ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் போக விண்டோஸ் விடாது. காலையில் 'பில்' என்ற யூசராகத் திறந்த இணைப்பு உள்ளே உயிரோடு இருக்கும்போது 'ஓனர்' என்று நுழைந்தால் இந்த எண் வரும். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையைக் கொடுத்து உயிரோடு இருக்கும் இணைப்புகளைப் பார்த்து நீக்குங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்த முகவரிக்குச் சேமித்த பழைய பாஸ்வேர்டையும் அழித்து, ஒருமுறை சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள்.

விண்டோஸ் 11 அப்டேட் ஆன நாளிலிருந்து பாஸ்வேர்டு இல்லாத ஷேர் திறக்கவில்லை.

24எச்2 பதிப்பாக இருக்கும். அந்தப் பதிப்பின் ப்ரோவில் இரண்டு மாற்றங்கள் வந்தன. வரும் போகும் தகவலுக்குக் கையொப்பம் (வழியில் யாரும் மாற்றவில்லை என்பதற்கான அடையாளம்) கட்டாயம், 'கெஸ்ட்' நுழைவு தடை. பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் இணைப்பில் கையொப்பம் போட முடியாது. சாம்பாவில் யூசரும் பாஸ்வேர்டும் வைத்தால் இரண்டும் ஒரே அடியில் தீரும். சாம்பா கையொப்பத்தை ஏற்கும், வேறு செட்டிங் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியில் தடையை எடுத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஐந்து நிமிட வேலையான யூசரை உருவாக்காமல் அதைச் செய்வது வீண்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உபுண்டுவோடு வரும் சாம்பா அமைப்பில், தெரியாத யூசர் பெயர் வந்தால் அவரை கெஸ்ட்டாக ஏற்கச் சொல்லும் வரி உண்டு. அதனால் யூசர் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் 'பாஸ்வேர்டு தவறு' என்று வராது, 'கெஸ்ட் நுழைவு தடைசெய்யப்பட்டுள்ளது' என்றே வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் யூசர் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

எஸ்.எம்.பி. 1ஐ ஆன் செய்தால் எல்லாம் ஓடும் என்கிறார்களே?

ஓடும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னக்ரை வைரஸும் அந்த வழியாகத்தான் ஓடியது. மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்துவிட்டது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பழைய நாஸ் பெட்டியிலிருந்து (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க்) ஃபைல்களை எடுத்தே ஆக வேண்டுமென்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்.எம்.பி. 1க்குக் கீழே 'கிளையன்ட்' என்பதை மட்டும் டிக் செய்து, எடுத்து முடித்ததும் நீக்குங்கள். 'சர்வர்' என்பதைத் தொடாதீர்கள். அதே இடத்தில் உள்ள 'ஆட்டோமேட்டிக் ரிமூவல்' டிக் ஆகியிருந்தால், 15 நாள் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸே அதை நீக்கிவிடும். "போன மாசம் ஆன் பண்ணோம், மறுபடி போயிடுச்சு" என்பது இதனால்தான்.

ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வந்துகொண்டிருந்தது, இப்போது வரவில்லை.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் பத்திர நகல் எடுக்கும் கடைகளில் அதிகம் வரும் கேள்வி. பழைய காப்பியர்களுக்கு எஸ்.எம்.பி. 1 மட்டுமே தெரியும். அவற்றைவிடச் சற்றுப் புதியவற்றுக்கு எஸ்.எம்.பி. 2 தெரியும், கையொப்பம் போடத் தெரியாது. விண்டோஸைப் புதுப்பித்ததும் இரண்டுமே நின்றுவிடும்.

சர்வீஸ் ஆளிடம் ஃபர்ம்வேர் அப்டேட் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் எஃப்.டி.பி. என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறைக்கு மாறுங்கள். ஏறக்குறைய எல்லா காப்பியரின் அட்ரஸ் புக்கிலும் எஸ்.எம்.பி.க்குப் பக்கத்திலேயே எஃப்.டி.பி. இருக்கும், போர்ட் 21. உபுண்டுவில் எஃப்.டி.பி. சர்வர் ஒன்றைப் போட்டு, அதன் ஃபோல்டரையே சாம்பாவிலும் ஷேர் செய்தால், ஸ்கேன் ஒரு வழியாக வந்து விழும், ஊழியர்கள் இன்னொரு வழியாக எடுத்துக்கொள்வார்கள். எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும். ஆகவே அந்த யூசருக்கு இந்த ஒரு ஃபோல்டர் மட்டும்தான், ரவுட்டரில் 21ஐ வெளியே திறந்துவிடவே கூடாது.

மெஷினில் சர்வர் பெயருக்குப் பதில் ஐ.பி. போடுங்கள். 'ஸ்கேன்' என்று தனி யூசர் வைத்து, பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். அந்தச் சின்னத் திரையில் சிறப்புக் குறிகளைத் தேடிப் பொறுமை இழந்தவர்கள் பலர்.

திறக்கிறது, படிக்க முடிகிறது. சேமிக்க முடியவில்லை.

விண்டோஸில் இரண்டு பூட்டு உண்டு. 'ஷேரிங்' பக்கத்தில் ஒரு பெர்மிஷன், 'செக்யூரிட்டி' பக்கத்தில் இன்னொரு பெர்மிஷன். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் எதையும் தொடாவிட்டால் எல்லோருக்கும் 'ரீட்' மட்டுமே இருக்கும்.

சாம்பாவில் 'ரீட் ஒன்லி' பற்றி எதுவும் எழுதாவிட்டால் 'யெஸ்' என்றே எடுத்துக்கொள்ளும். 'நோ' என்று எழுதியும் சேமிக்க முடியாவிட்டால் லினக்ஸ் பெர்மிஷனைப் பாருங்கள். ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றவர் திருத்த முடியாமல் போவதற்குக் காரணம், சாம்பா வழக்கமாக 0744 என்ற அனுமதியோடு உருவாக்குவதுதான். உரியவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டு, 'ஃபோர்ஸ் குரூப்'பில் அதன் பெயரைக் கொடுத்து, 'கிரியேட் மாஸ்க்' 0664, 'டைரக்டரி மாஸ்க்' 2775 என்று வையுங்கள். 0777 வேண்டாம். பழைய ஃபைல்களுக்கு இது தானாகப் பொருந்தாது, அவற்றை ஒருமுறை கையால் மாற்ற வேண்டும்.

இன்னொன்று: உபுண்டு 21.04 முதல் ஹோம் டைரக்டரி 0750 என்ற அனுமதியோடு வருகிறது. உங்கள் ஹோமுக்குள் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்தால், மற்ற யூசர்கள் ஹோமின் வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாது. உள் ஃபோல்டருக்கு 0777 கொடுத்தாலும் பலனில்லை. டேட்டாவை ஹோமுக்கு வெளியே, எஸ்.ஆர்.வி. டைரக்டரிக்குள் வையுங்கள்.

மேக்கிலிருந்து எப்படி இணைப்பது?

ஃபைண்டரில் கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்தி, எஸ்.எம்.பி. என்ற மூன்றெழுத்து, பிறகு ://192.168.1.10 என்று அடியுங்கள். மேக்கில் உள்ள ஃபோல்டரை விண்டோஸ் திறக்க வேண்டுமென்றால், ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் மட்டும் போதாது. அதன் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் 'விண்டோஸ் ஃபைல் ஷேரிங்' என்ற இடத்தில் யூசர் பெயரை டிக் செய்து பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிடாதவர்கள் குறைவு.

மேக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெயர் ஃபைல் பட்டியலில் தெரிகிறது, திறக்க மறுக்கிறது. சில சமயம் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்கின்றன.

கண்ணுக்கு ஒரே பெயர், உள்ளே இரண்டு. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'சோ' என்பதை ச, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாக வைப்பது ஒரு முறை. ச, இரட்டைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொரு முறை. விண்டோஸிலும் உபுண்டுவிலும் தட்டச்சு செய்தால் பொதுவாக முதல் வடிவம் வரும். மேக் பிரித்து வைக்கும் வழக்கம் கொண்டது. மேக்கில் ஜிப் செய்தோ பென் டிரைவில் போட்டோ கொண்டுவந்து உபுண்டுவில் வைத்தால், பிரிந்த வடிவமே தங்கிவிடுவதுண்டு. லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்.

வேலூர், ஆம்பூர், ஆற்காடு என்று பெயர் வைத்தால் இந்தத் தொல்லை கிடையாது. சோளிங்கர், போளூர், பொய்கை, தோட்டப்பாளையம் என்று வைத்தால் வரும். உபுண்டுவில் கான்வ்-எம்வி என்ற கருவியை என்.எஃப்.சி. (சேர்த்து வைக்கும் வடிவம்) தெரிவோடு ஓட்டினால் மொத்த ஃபோல்டரையும் முதல் வடிவத்துக்கு மாற்றிவிடும். முதல் ஓட்டத்தில் என்னென்ன மாறும் என்று காட்டுமே தவிர மாற்றாது. பார்த்துவிட்டு, உறுதிசெய்யும் தெரிவைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

விண்டோஸில் இருக்கும் நீளமான தமிழ்ப் பெயர் உபுண்டுவுக்குக் காப்பி ஆகவில்லை.

லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'தோட்டப்பாளையம்' கண்ணுக்கு 8 எழுத்து. புள்ளி, கால், கொம்பு எல்லாம் சேர்த்தால் 14 குறியீடு, 42 பைட். இந்தக் கணக்கில் 48 எழுத்தைத் தாண்டும்போதே இடம் முடிந்துவிடும். விண்டோஸ் 255ஐக் குறியீடுகளாக எண்ணுவதால் அங்கே இதே பெயர் தாராளமாக நிற்கும். கிரயப் பத்திரத்தின் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் ஆகியவை விண்டோஸ் ஃபைல் பெயரில் வரக்கூடாது. பெயர் புள்ளியில் முடியவும் கூடாது. உபுண்டுவில் 'பில் எண்.' என்று ஃபோல்டர் உருவாக்கினால், விண்டோஸில் நடுவே ~ குறி போட்ட அர்த்தமில்லாத எட்டெழுத்துப் பெயராகத் தெரியும். புள்ளியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஃபைல் திறக்கிறது, உள்ளே எழுத்து எல்லாம் கிறுக்கலாக இருக்கிறது.

ஷேரிங் கோளாறு அல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

40 ஜி.பி. கல்யாண வீடியோ காப்பி ஆக ஒரு மணி நேரம் ஆகிறது.

ஒரு மணி என்று சொன்னதிலேயே விடை இருக்கிறது. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 11 எம்.பி. போகும், 40 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்.பி., ஆறு ஏழு நிமிடம், இருபுறமும் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால். விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தில் 'லிங்க் ஸ்பீட்' பாருங்கள். ஸ்விட்ச், கம்ப்யூட்டர் இரண்டும் கிகாபிட்டாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிள்தான். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பியை எலி கடித்தாலும், கனெக்டரில் அவற்றில் ஒன்று சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கனெக்டரை வெட்டிப் புதிதாக அடியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் ஸ்விட்ச் இருந்தால், அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலுக்கு அதுவும் தடுமாறும். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

காப்பி 4 ஜி.பி.யில் நின்றுவிட்டால் அது வேகப் பிரச்சினை இல்லை. ரவுட்டரில் செருகியிருக்கும் டிஸ்க் எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட அது விடாது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எக்ஸ்-ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். ரவுட்டர் அதைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்தால் 'இசட்' டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி.

கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும், ரவுட்டர் எழ அதைவிட நேரம் எடுக்கும். டிரைவைத் தேடிய நேரத்தில் நெட்வொர்க்கே இல்லை. சில நிமிடம் கழித்து டிரைவை டபுள் கிளிக் செய்தால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால் சர்வரின் முகவரி மாறியிருக்கும். ரவுட்டரின் டி.எச்.சி.பி. ரிசர்வேஷனில் 192.168.1.10ஐ சர்வருக்கே ஒதுக்குங்கள். சர்வரின் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங் இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டரை மட்டும் செருகிவிட்டு ஸ்விட்சை நேரடி லைனில் விட்டுவைப்பது பரவலான தவறு. கரண்ட் ஒரு நொடி மினுக்கினால் கம்ப்யூட்டர் தாங்கும், ஸ்விட்ச் செத்துப் பிழைக்கும், அந்த நொடியில் சேமித்துக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். டேலி மாதிரியான கணக்கு மென்பொருளின் டேட்டாவை ஷேரில் வைத்திருந்தால் இது இன்னும் மோசம். ஸ்விட்சும் ரவுட்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும், கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் வைஃபையில் இல்லாமல் கேபிளில் இருக்கட்டும்.

யாரும் திறக்காத ஃபைல், 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்கிறது.

கரண்ட் போனபோது திறந்திருந்த ஃபைலாக இருக்கும். லிப்ரே ஆபீஸ், ஒரு ஃபைலைத் திறக்கும்போது அதே ஃபோல்டரில் புள்ளியும் ~ குறியும் சேர்த்து 'லாக்' என்று தொடங்கும் மறைவான சின்ன ஃபைலை வைக்கும். எம்.எஸ். ஆபீஸ் ~$ என்று தொடங்கும் ஒன்றை வைக்கும். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் அதை அழிக்க ஆளிருக்காது. எல்லோரும் மூடிவிட்டார்களா என்று கேட்டுவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அந்தச் சின்ன ஃபைலை மட்டும் அழியுங்கள். உண்மையில் யாராவது திறந்து வைத்திருந்தால் உபுண்டுவில் எஸ்.எம்.பி. ஸ்டேட்டஸ் கட்டளை, யார், எந்த முகவரியிலிருந்து என்று காட்டிவிடும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. அதிலிருந்து சர்வரைத் திறக்க முடியுமா?

முடியும். 2017க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி), எதுவும் சொல்லாவிட்டால் எஸ்.எம்.பி. 1லேயே பேசிப் பார்க்கும், இன்றைய சர்வர் கதவைச் சாத்திவிடும். மவுண்ட் செய்யும்போது, அதாவது ஷேரை லேப்டாப்போடு இணைக்கும்போது, எஸ்.எம்.பி. பதிப்பு எண்ணை 3.0 என்று குறிப்பிடுங்கள், ஏற்காவிட்டால் 2.1. பழைய ஃபைல் மேனேஜர் வழியாகப் போனால் இந்த எண்ணைக் கொடுக்க இடமிருக்காது, ஆகவே டெர்மினலில்தான் செய்ய வேண்டும். அது வராதவர்கள் உபுண்டு சர்வரில் எஸ்.எஸ்.எச். நிறுவிவிட்டு, லேப்டாப்பின் ஃபைல் மேனேஜரில் எஸ்.எஃப்.டி.பி. வழியாக 192.168.1.10ஐத் திறக்கலாம். அதற்குக் கேட்கும் பாஸ்வேர்டு உபுண்டுவினுடையது, சாம்பாவினுடையது அல்ல.